நாள் தள்ளிப் போவதற்கு முன்

என் அண்ணன் மகளுக்குச் சென்ற வருஷம் எங்கள் வீட்டில் தலை தீபாவளி. இரவு எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவள் கைப்பையைத் திறந்து சிறு மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த என் தாயாருக்கு வயது எழுபதுக்கு மேல். காது சற்று மந்தமாகிவிட்டது. கண் மட்டும் இன்னும் கூர்மை.

"என்னடி மாத்திரை அது? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒன்றுமில்லை, பாட்டி. குழந்தைக்கு."

அம்மாவின் முகம் மத்தாப்புப் போல் மலர்ந்தது. "அடி சமர்த்தே! எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கு?"

"இன்னும் ஒன்றும் தள்ளிப் போகவில்லை. இனிமேல்தான்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, முழுகாமல் இருக்கிறவளுக்கு மருந்து கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். மாசா மாசம் முழுகிக்கொண்டிருக்கிறவளுக்கு என்ன மருந்து? பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதையாக அல்லவா இருக்கு! நீதான் நாலு புஸ்தகம் படிக்கிறவனாயிற்றே, சொல்லேன்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. சில சமயம் சங்கடமும் உண்டு. ஆகவே படித்துப் பார்த்தேன். அந்தச் சிறு மாத்திரைக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வருகிறார். பம்பாயின் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் வருகிறார்கள். நம் திருவல்லிக்கேணியும் வருகிறது. அம்மாவுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் குடும்பக் கதை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு சித்தி இருந்தாளாம். அவளை அம்மா பார்த்ததில்லை. அம்மா பிறப்பதற்கு முன்பே, 1946-ல், அவள் கதை முடிந்துவிட்டது. உறவு முறைப்படி எனக்குச் சின்னப் பாட்டி. பதினெட்டு வயதில் போய்விட்டவளைப் பாட்டி என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. தலைப் பிரசவத்துக்காகப் பிறந்த வீடு வந்திருந்தாள். எட்டாம் மாதத்தில் கால் வீங்கியது. "பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்காமல் யானைக்கா வீங்கும்?" என்று பெரியவர்கள் சிரித்தார்கள். கை வளையல்கள் இறுகின. தலை வலிக்கிறது என்றாள். சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார்கள். கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது என்றாள். தூக்கம் போதவில்லை என்றார்கள். ஒரு நாள் நடு ராத்திரியில் கையும் காலும் வெட்டி இழுத்தன. பொழுது விடிவதற்குள் தாயும் போயிற்று, வயிற்றிலிருந்த குழந்தையும் போயிற்று. முதல் நாள் அந்தி வேளையில் கொல்லைப் புளியமரத்தடியில் அவள் நின்றதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். பேய் அடித்துவிட்டது என்று தீர்ப்பாகிவிட்டது. அடுத்த வாரமே அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள்.

புளியமரம் நிரபராதி. 1946-க்கு நூறு வருஷம் முன்பே அந்த உண்மை உலகத்துக்குத் தெரியும் என்பதுதான் இதில் வேதனை.

லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரி என்ற பழைய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஜான் லீவர் என்ற டாக்டர், பிரசவ சமயத்தில் வலிப்புக் கண்ட பெண்களின் சிறுநீரை எடுத்துக் காய்ச்சிப் பார்த்தார். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுத்துத் திரிகிறதல்லவா, அது போல அந்தச் சிறுநீரும் திரிந்தது. வெள்ளைக்கருவில் இருக்கும் ஆல்புமின் என்ற சத்து, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. இதை அவர் 1843-ல் வெளியிட்டார். 1896-ல் இத்தாலிய டாக்டர் ரிவா-ரோச்சி, கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைச் செய்தார். கால் வீக்கம், தலைவலி, கண்ணில் மின்னல், சிறுநீரில் ஆல்புமின், ஏறிய ரத்த அழுத்தம் ஆகியவை எல்லாம் ஒரே ஆபத்தின் அறிகுறிகள் என்பது மெல்ல மெல்ல விளங்கிற்று.

கருவி இருந்தது, பரீட்சை இருந்தது. பரீட்சை செய்து பார்ப்பதற்கு ஒரு நாள்தான் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரி என்றால் வலி எடுத்த பிறகு போகிற இடம் என்பதுதான் ஐரோப்பாவிலும் அக்காலத்து வழக்கம். அதுவும் பெரும்பாலும் ஏழைகள்தான் போவார்கள். மற்றவர்களுக்குப் பிரசவம் வீட்டில். எட்டு மாதத்துப் பெண், வலி இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், இரண்டு காலால் நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஆஸ்பத்திரிக்கே தெரியாது. நோயில்லாதவளுக்கு அங்கே கட்டில் ஏது?

அந்தக் கட்டிலைக் கேட்டு வாங்கியவர் ஜான் வில்லியம் பாலண்டைன். எடின்பரோ நகரத்துப் பிரசவ டாக்டர். அவருடைய மனத்தை அரித்துக்கொண்டிருந்தது தாயைவிடக் குழந்தைதான் என்று சொல்ல வேண்டும். அங்கம் குறைந்து பிறந்த குழந்தைகள், முதுகெலும்பு மூடாமல் பிறந்தவை, மண்டையோடு முழுமையாக உருவாகாமல் பிறந்து சில நாழிகைக்குள் இறந்தவை, இவற்றைப் பற்றியெல்லாம் அவர் விடாமல் ஆராய்ந்தார். இது ஏன் நேர்கிறது? எப்போது நேர்கிறது? பிறந்த பிறகு பார்த்துப் பயனில்லை. வயிற்றில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். அதற்குத் தாயைப் பார்க்க வேண்டும். 1901-ல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல் என்ற பத்திரிகையில், பிரசவத்துக்கு முன்பே கர்ப்பிணிகளை வைத்துப் பார்க்க ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று விண்ணப்பம் போல ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்பத்திரி கிடைக்கவில்லை. அதே வருஷத்தில் எடின்பரோ பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கட்டில் கிடைத்தது. கர்ப்பிணிகள் வந்து காட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வைத்தியசாலை அங்கே ஏற்பட 1915 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் வேறு விதமாக ஆரம்பித்தார்கள். கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் என்ன, நர்ஸ் வீட்டுக்குப் போகட்டுமே என்றார் புட்னம் என்ற சீமாட்டி. 1909-ல் தொடங்கி நர்ஸ்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். இன்று நம் கிராமங்களில் கையில் பதிவேட்டோடு வருகிற கிராம சுகாதார நர்ஸைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாஸ்டன் நர்ஸ்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

1929-ல் பிரிட்டிஷ் சுகாதார இலாகா, ஜானட் காம்பெல் என்ற பெண் டாக்டர் வகுத்த முறையை வெளியிட்டது. முதல் பரிசோதனை 16-வது வாரத்தில். பிறகு 24, 28 வாரங்களில். அப்புறம் 36-வது வாரம் வரையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அதற்கு மேல் வாரம் ஒரு முறை. இந்த அட்டவணை பல தேசங்களுக்குப் பரவிற்று. பல தலைமுறைகள் இதை வேதமாகக் கொண்டன. மகப்பேற்று ஆஸ்பத்திரிகளில் கையில் அட்டையோடு காத்திருக்கும் பெண்களின் வரிசை இந்த அட்டவணையிலிருந்து வந்ததுதான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை ஏற்பட்டவுடன் சாவு குறைந்துவிடவில்லை. 1930 வாக்கில் இங்கிலாந்திலேயே ஆயிரம் பிரசவத்துக்கு நாலு தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சல்ஃபா மருந்துகள் வந்தன, ரத்தம் ஏற்றும் வசதி வந்தது, பெனிசிலின் வந்தது. அப்புறந்தான் கோடு கீழே இறங்கியது. டாக்டரைப் போய்ப் பார்ப்பதனால் மட்டும் ஒருத்தி பிழைத்துவிட மாட்டாள். பார்த்த டாக்டரிடம் மருந்தும் வேண்டும். எதைப் பார்ப்பது என்ற அறிவும் வேண்டும். எதை என்பதோடு எப்போது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த "எப்போது" என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

பாலண்டைன் 1923-ல் காலமானார். அவர் ஏற்படுத்திய பரிசோதனை முறை எத்தனையோ தாய்மாருக்குப் பயன்பட்டது. அவரை முதன் முதலில் உறங்கவிடாமல் அடித்த கேள்விக்கு மட்டும் அதனால் விடை கிடைக்கவில்லை. மூடாத முதுகெலும்போடு குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. 16-வது வாரத்தில் தாயைப் பார்த்தாலும் சரி, எட்டாவது வாரத்தில் பார்த்தாலும் சரி, அதற்குள் காரியம் முடிந்துவிட்டிருந்தது. விடைக்கான முதல் நுனி, எடின்பரோவிலிருந்து வெகு தூரத்தில், அவர் நினைத்தும் பார்த்திராத இடத்தில் கிடைத்தது. நாமும் அங்கே போவோம்.

1928-ல் பம்பாய்த் துறைமுகத்தில் நாற்பது வயதுள்ள ஆங்கிலப் பெண்மணி ஒருவர் வந்து இறங்கினார். பெயர் லூசி வில்ஸ். கேம்பிரிட்ஜில் தாவர சாஸ்திரமும் பூகர்ப்ப சாஸ்திரமும் படித்தவர். முதல் உலக யுத்தம் மூண்ட சமயத்தில் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டராகச் சேவை செய்தார். பிறகு லண்டன் திரும்பி, பெண்களுக்கென்று இருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1920-ல் டாக்டர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நம் நாட்டில் பிரசவத்தில் தாய்மார் சாவதேன் என்று ஆராய அழைக்கப்பட்டு வந்தவர் அவர்.

பம்பாயில் பஞ்சாலைப் பெண்களில் பலருக்குக் கர்ப்ப காலத்தில் விபரீதமான ஒரு சோகை கண்டது. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, பிரசவத்துக்குச் சற்று முன்போ பின்போ இறந்துபோனார்கள். சாதாரண ரத்தசோகையில் ரத்த அணுக்கள் சிறுத்திருக்கும், இவர்களுக்கோ பருத்திருந்தன. இரும்புச் சத்துக் கொடுத்தும் பயனில்லை. ஏதாவது தொற்று நோயாக இருக்குமோ என்று முதலில் தேடினார் லூசி வில்ஸ். கிருமி எதுவும் அகப்படவில்லை. பிறகு அவர்கள் வீட்டு அடுப்பங்கரையைப் பார்க்க ஆரம்பித்தார். யார் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். பழமும் காய்கறியும் பாலும் வாங்க வழியில்லாத ஏழை முஸ்லிம் பெண்களைத்தான் இந்த நோய் அதிகமாகப் பிடித்தது. அந்தப் பெண்கள் சாப்பிடுவதையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குரங்குக்கும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் சோகை கண்டது.

சோகை பிடித்த குரங்குக்கு எதைக் கொடுத்தால் குணமாகும் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தவர், கடைசியில் மார்மைட் கொடுத்தார். மார்மைட் என்பது பீர் வடிக்கும் இடத்தில் மிஞ்சுகிற ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற கறுப்பு விழுது. வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். நான் ஒரு முறை ருசி பார்த்திருக்கிறேன். புளிக்காய்ச்சலை எதிர்பார்த்து வாயில் வைத்தவன் ஏமாந்து போனேன். ஆனால் அந்தக் குரங்குக்கு அது அமிர்தமாக இருந்தது. உடனே தேற ஆரம்பித்தது. பெண்களுக்குக் கொடுத்தார். சில நாளைக்குள் ரத்தத்தில் புது அணுக்கள் பெருகின; சாவுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார்கள்.

அப்போது இந்த மாதிரி சோகைக்கு ஈரலைச் சாப்பிடச் சொல்வது புது வைத்தியம். ஈரல் விலை அதிகம். மார்மைட்டோ மலிவு, ஆலைத் தொழிலாளியின் கைக்கும் எட்டும். அந்த மலிவைக் கண்டு லூசி வில்ஸ் சந்தோஷப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

நம் ஊர்க் கதை இங்கேதான் வருகிறது. 1929-ல் சில மாதங்கள் அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். 1931-ன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, கடற்கரைக்குப் பக்கத்தில் திருவல்லிக்கேணியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்தார். அதற்கு அப்போது பெயர் விக்டோரியா ஜாதி கோஷா ஆஸ்பத்திரி. ஆண் டாக்டரிடம் காட்டிக்கொள்ள மாட்டாத ஜாதி ஹிந்துப் பெண்களும், கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களும் வீட்டுக்குள்ளேயே சாகிறார்களே என்று மனம் பொறாமல், மேரி ஷார்லீப் என்ற பெண் டாக்டர் 1885-ல் தொடங்கியது அது. அவரே சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ல் படிக்கச் சேர்ந்த முதல் நாலு பெண்களில் ஒருவர். ஆஸ்பத்திரியின் பெயர் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று மாறி வெகு காலமாகிறது. ஆனாலும் திருவல்லிக்கேணி ஆட்டோக்காரரிடம் "கோஷா ஆஸ்பத்திரி" என்று சொன்னால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார்.

லூசி வில்ஸ் தம் முடிவுகளை 1931-ல் வெளியிட்டார். மார்மைட்டில் இருக்கும் அந்தச் சத்து எது என்று அவருக்குத் தெரியாது. "வில்ஸ் சத்து" என்றே மற்றவர்கள் அழைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1941-ல், அமெரிக்காவில் டெக்ஸாஸில் மூன்று விஞ்ஞானிகள் 4 டன் கீரையை அரைத்துப் பிழிந்து கடுகளவு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கீரை என்றால், இப்போது கடையில் பாலக் என்று கேட்டு வாங்குகிறோமே, அது. இலையிலிருந்து வந்ததால், இலைக்குரிய லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். மார்மைட்டில் இருந்ததும் கீரையில் இருந்ததும் ஒன்றே என்பது பிறகு தெளிவாயிற்று.

ஒவ்வொரு தடவையும் 4 டன் கீரையை அரைத்துக்கொண்டிருக்க முடியுமா? 1945-ல் அதைச் செயற்கையாகவே செய்தது நியூயார்க் பக்கத்து லெடர்லி ஆராய்ச்சிக்கூடம். அதன் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியடிகளின் சொல் கேட்டுக் கதர் உடுத்தி வகுப்புக்குப் போனதால் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு டாக்டர் பட்டத்துக்குப் பதில் அதைவிடத் தாழ்ந்த பட்டத்தோடு வெளியே வந்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அவரையும் அது பிடித்து விட்டது. பிற்காலத்தில் அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று. 1948-ல் அவர் இறந்தபோது இங்கே அவரை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

இதுவரையில் இது தாயின் ரத்தத்தைப் பற்றிய கதை. பாலண்டைனின் கேள்வி எங்கே போயிற்று?

1965-ல் லிவர்பூல் நகரத்தில் ஹிப்பர்ட், ஸ்மித்தெல்ஸ் என்ற இரு டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அங்கம் குறைந்த குழந்தைகளைப் பெற்ற தாய்மாரில் பலருக்கு ஃபோலிக் அமிலம் உடலில் சரியாகச் சேரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு என்று சிலரும் இல்லை என்று சிலரும் இருபத்தைந்து வருஷம் வாதாடினார்கள். கடைசியில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பெரிய பரீட்சை ஒன்று நடத்திற்று. 7 தேசங்கள், 33 இடங்கள், 1,817 பெண்கள். எல்லோரும் முன்பே ஒரு முறை முதுகெலும்போ மண்டையோ மூடாத குழந்தையைச் சுமந்து துயரப்பட்டவர்கள். மறுபடியும் குழந்தைக்கு ஆசைப்பட்டவர்கள். பாதிப் பேருக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. 1991-ல் கணக்குப் பார்த்தபோது, அதே குறையோடு 27 குழந்தைகள் உருவாகியிருந்தன. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 6, சாப்பிடாதவர்களிடம் 21. இதற்கு மேலும் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் இருப்பது பாவம் என்று பரீட்சையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பாலண்டைன் தம் விண்ணப்பத்தை எழுதி அப்போது தொண்ணூறு வருஷமாகியிருந்தது. லூசி வில்ஸும் இதைப் பார்க்க இல்லை, 1964-லேயே காலமாகிவிட்டார். பம்பாய்ப் பெண்களின் உயிருக்காகத் தாம் தேடிய பொருள், இன்னும் உருவாகாத குழந்தையின் முதுகெலும்புக்கும் காவல் என்பது தெரியாமலே அவர் போனார்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். முழுகிக்கொண்டிருக்கிறவளுக்கு மாத்திரை எதற்கு?

ஒரு சிறு கணக்குப் போட்டால் போதும். கருவில் முதன் முதலில் உருவாகிற உறுப்புகளில் ஒன்று, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக் குழாய். வாழைக் குருத்தை விரித்து மறுபடி சுருட்டினால் எப்படி இரண்டு ஓரமும் சேருமோ, அப்படி அது சுருண்டு மூடிக்கொள்ள வேண்டும். கருத்தரித்து 28 நாளைக்குள் மூடிவிடுகிறது. மூடாவிட்டால் அப்புறம் மூடாது. ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப் போவது கருத்தரித்து ஏறக்குறைய 14 நாளில். இரண்டு நாள் பார்ப்போம், நாலு நாள் பார்ப்போம் என்று தயங்கி, பரிசோதித்துத் தெரிந்துகொண்டு, புருஷனிடம் சொல்லி, மாமியாரிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போவதற்குள் அந்த 28 நாள் ஓடிவிடுகிறது. மூன்று மாதம் வாயைத் திறக்கக் கூடாதென்ற வீட்டில் கேட்கவே வேண்டாம். முதல் நாளே டாக்டரிடம் ஓடினாலும், குழந்தையின் முதுகெலும்பைப் பொறுத்தவரை அது பிந்திய வருகைதான். ஆகவே மாத்திரை முன்னதாகவே அங்கே போய்க் காத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை 2,500 பங்காக்கி அதில் ஒரு பங்கு. குழந்தை வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்து 12 வாரம் முடியும் வரையில். உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிற அளவு இது. முன்பு இந்தக் குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு அளவு அதிகம் வேண்டும். சர்க்கரை வியாதிக்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறவர்களும் கருத்தரிக்கும் முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஆரம்ப வாரங்களின் அருமையை வேறு ஒரு விதத்திலும் உலகம் தெரிந்துகொண்டது. 1941-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கண் டாக்டர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்ணில் புரையோடு இத்தனை குழந்தைகள் ஏன் வருகின்றன என்று விசாரித்தார். அநேகமாக எல்லாத் தாய்மாருக்கும் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ருபெல்லா என்ற சிறு அம்மை போட்டிருந்தது. தாய்க்கு இரண்டு நாள் காய்ச்சல். குழந்தைக்கு ஆயுள் முழுதும் இருட்டு. அதற்குத் தடுப்பூசி வந்துவிட்டது. ஆனால் கர்ப்பத்தில் அதைப் போடக் கூடாது. அதையும் முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் தரிசனத்தின் நாளும் இப்படியே முன்னேறி வந்திருக்கிறது. 1929-ல் 16-வது வாரம் என்றார்கள். 2016-ல் உலக சுகாதார ஸ்தாபனம், எட்டு முறை பார்க்க வேண்டும், முதல் முறை 12 வாரத்துக்குள் என்றது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நம் சர்க்கார் கர்ப்பிணிகளுக்கு உதவித் திட்டம் ஒன்று வைத்திருக்கிறது. 2018-ல் அதைத் திருத்தியபோது முதல் தவணைப் பணத்தை, 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொள்கிறவர்களுக்கென்று வைத்தார்கள். கண்ணேறுக்குப் பயந்து மூன்று மாதம் மறைத்தால் பணம் போய்விடும் என்று அப்போது ஆயிற்று! சாஸ்திரத்தைச் சர்க்கார் இவ்வளவு நாசூக்காக ஜெயித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த முதல் நாளில் அங்கே என்ன செய்கிறார்கள்? கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது என்று கேட்கிறார்கள். எடை பார்க்கிறார்கள். கையில் பட்டை சுற்றுகிறார்கள், ரிவா-ரோச்சியின் பட்டை. சிறுநீர் கேட்கிறார்கள், லீவர் காய்ச்சிய சிறுநீர். விரலில் ஊசி குத்தி ரத்தத்தின் சிவப்பை அளக்கிறார்கள். லூசி வில்ஸ் அளந்த ரத்தம். கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு இவை வீண் தொந்தரவாகத் தோன்றலாம். ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தி இறந்த பிறகு நாம் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. குறைந்திருக்கிறது. அந்த 54 வீடுகளில் போய் இதைச் சொல்ல முடியாது.

நம் மூன்று மாத மௌனத்தை நான் அடியோடு பழிக்கவில்லை. ஆரம்பத்தில் கலைந்துபோகிற கரு அநேகம். ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்கிற வேதனையிலிருந்து பெண்ணைக் காப்பாற்ற யாரோ ஒரு கருணையுள்ள பாட்டி ஏற்படுத்திய வழக்கமாக அது இருக்கலாம். ஊருக்குச் சொல்லாமல் இருக்கட்டும். டாக்டர் ஊரில் சேர்த்தியில்லை என்று வைத்துக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் அம்மாவுக்குச் சொன்னேன். மார்மைட் கதையைக் கேட்டுச் சிரித்தாள். கோஷா ஆஸ்பத்திரி என்றதும், "அங்கேதானே உன் பெரியண்ணன் பிறந்தான்!" என்றாள். நரம்புக் குழாய்க் கணக்கை விரல் விட்டு எண்ணி இரண்டு தரம் சரி பார்த்தாள். பிறகு வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

"ஏண்டா, அந்தக் கால் வீக்கத்தைப் பார்க்கிற பட்டை அந்தக் காலத்திலேயே இருந்தது என்றாயே, நிஜந்தானா?"

"ஆமாம், அம்மா. சித்தி போவதற்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே."

"பாவம்" என்றாள் அம்மா. "அந்த மரத்தைப் போய் வெட்டினார்களே."

மறுநாள் காலையில் பேத்திக்கு டெலிபோன் செய்தாள். என்ன பேசினாள் என்று முழுதும் கேட்கவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"மாத்திரையை மறக்காமல் போடு. கீரையும் வாங்கிச் சமை. நாள் தள்ளிப் போனால் மாமியாரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் டாக்டரிடம் போ."